ஸ்லைவரும் ஸ்லிவரும்

சென்ற பருவத்தில் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பியல் தாள் நடத்தும் பொறுப்பு நமக்கு வந்து சேர்ந்தது. (தன்னைப் பற்றி எழுதுகையில் ‘நாம்’ என்று எழுதுவது செருக்கினால் அன்று. ‘சென்ற வகுப்பில் நாம் பார்த்தோம்’ என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி நாவில் படிந்துவிட்ட பழக்கம். அன்பர்கள் பொறுத்தருள்க.) அத்தாளில் கலைச்சொல்லாக்கம் என்றோர் அலகு உண்டு. எப்படி நடத்தினாலும் அது இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று ஒரு பட்டியலாகச் சுருங்கிவிடும். மாணவர் மனப்பாடம் செய்வர், தேர்வில் எழுதுவர், மறப்பர். இம்முறை அந்தப் பட்டியலை அவர்களிடமே கேட்டால் என்ன என்று தோன்றியது.

ஆளுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள். பள்ளிப் பாடநூலில் படித்த சொல்லாக இருத்தல் கூடாது. வீட்டிலோ தெருவிலோ தொழிலின் பொருட்டு யாரேனும் வழங்கும் சொல்லாகவோ, ஊரோடு தொடர்புடைய சொல்லாகவோ இருக்க வேண்டும். நல்ல அகராதி ஒன்றில் அதன் பொருளையும் ஒலிப்பையும் பார்த்து எழுதி, வகுப்பில் எழுந்து வாசிக்க வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி.

நாம் பணிபுரியும் கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்தது. வீடு இராசபாளையத்தில். இடையே பேருந்தில் அரைமணி நேரத்திற்கும் குறைவான தொலைவு. மாணவர்களும் இவ்விரண்டு ஊர்களைச் சுற்றியுள்ள சத்திரப்பட்டி, மம்சாபுரம், வத்திராயிருப்பு, சேத்தூர்ப் பக்கங்களிலிருந்து வருபவர்கள். மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவே நூற்பாலைகள். இந்த மண்ணில் அப்படி என்ன அரிய ஆங்கிலச் சொல் கிடைத்துவிடப் போகிறது என்ற ஐயம் நமக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை.

முதலில் எழுந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரின் மகன். அவர் கொண்டுவந்த சொல் ‘கிரிஸில்டு’. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988இல் அமைந்த சரணாலயத்தின் ஆங்கிலப் பெயரில், அணிலுக்கு முன்னால் நிற்கும் அடைமொழி அது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்த பின்பும் அணிலின் பெயர் மாறவில்லை. தமிழில் ‘சாம்பல் நிற அணில்’ என்று எழுதுகிறார்கள். அகராதி காட்டும் பொருளோ இன்னும் நுட்பமானது: நரைத்த, நரை விரவிய. சாம்பல் நிறத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. கொடூரம் என்னும் பொருளுடைய ‘கிரிஸ்லி’ வேறு, கரடிக்கு அடையாக வரும் ‘கிரிஸ்லி’ வேறு, ஒலி ஒன்றே என்றெல்லாம் அம்மாணவர் பிரித்துக் காட்டினார். பிறகு குறிப்பேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: “சாம்பல்னா முழுக்க ஒரே நிறம் ஐயா. இதுக்கு முடிக்கு முடி வெள்ளை கலந்திருக்கும். எங்க அப்பா நரைச்ச அணில்னுதான் சொல்வாரு.” பிசிராந்தையார் தமக்கு நரை வராமைக்குக் காரணம் கூறும் புறநானூற்றுப் பாடலை ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். அந்த நரை, பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால் தெரியும் மலையில் மரக்கிளையில் உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியவில்லை.

வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி ஒருவர் ‘பேண்டிகூட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். பெருச்சாளி. தெலுங்கில் பந்திகொக்கு, பன்றி எலி என்பது பொருள். ஆங்கிலேயர் வாயில் புகுந்து கப்பலேறி, ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பையுள்ள வேறொரு விலங்கிற்கும் அது பெயராகிவிட்டது. அவருடைய பாட்டியார் கொல்லைப்புறத்தில் அதை இன்றும் மூலப் பெயரைச் சொல்லித்தான் வைகிறாராம். சேத்தூர் மாணவர் எழுதி வந்தது ‘பாலிகார்’. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் அதற்கு இடமுண்டு. யாரென்று பார்த்தால் நம் பாளையக்காரர். பாளையம் ‘பொல்லம்’ ஆகிவிட்டிருக்கிறது. இராசபாளையம் நாய்க்குக்கூட ஆங்கிலத்தில் பாலிகார் ஹவுண்ட் என்றொரு பெயர் உண்டு. பாளையம் என்று முடியும் ஊரிலேயே பிறந்து வளர்ந்த நாம், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலில் இச்சொல்லைப் பார்த்துவிட்டு ஏதோ ஐரோப்பியப் பட்டப்பெயர் போலும் என்று கடந்து சென்றிருக்கிறோம்.

இதுவரை வகுப்பு கலகலப்பாகவே சென்றது. அடுத்து சத்திரப்பட்டியிலிருந்து வரும் மாணவியின் முறை. அவர் எழவில்லை. குறிப்பேட்டை மட்டும் நீட்டினார். “எழுதியிருக்கேன் ஐயா. வாசிக்க வேண்டாமே.” ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பக்கத்திலிருந்த தோழிதான் பிற்பாடு சொன்னார்: பள்ளியில் ஆங்கிலப் பாடத்தை வாசிக்கும்போது ஒரு சொல்லைத் தவறாக ஒலித்துவிட்டாராம். ஆண்டு முழுதும் அச்சொல்லே அவருக்குப் பட்டப்பெயராக இருந்ததாம்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். சத்திரப்பட்டியை அறிந்தவர்களுக்கு விசைத்தறிகளின் ஓசையும் வெள்ளை வெளேரென்ற பேண்டேஜ் துணியும் நினைவுக்கு வரும். மருத்துவமனைகளில் காயத்தின்மேல் வைக்கும் துணி அங்கேதான் நெசவாகிறது. அவர் எழுதியிருந்த முதற்சொல், ஜி, ஏ, யு, இஸட், ஈ. பொருள் சரியாக இருந்தது: கண்ணறை இடைவெளியுள்ள மெல்லிய துணி. ஒலிப்பு என்ற இடத்தில் முதலில் ‘காஸ்’ என்று எழுதி அடித்துவிட்டு, மேலே ‘கௌஸ்’ என்று எழுதியிருந்தார்.

“வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?”

“காஸ் துணின்னு சொல்வாங்க ஐயா. அது பேச்சு வழக்கு.”

அகராதியைத் திறந்து காட்டினோம். தங்கம் என்பதில் வரும் மெல்லிய ககரம். ஆகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் இடைப்பட்ட நெட்டுயிர். ஈற்றில் தமிழில் இல்லாத ஓர் அதிர்வொலி. தமிழெழுத்தில் எழுத வேண்டுமானால் ‘காஸ்’ என்றுதான் எழுத வேண்டும். தறியில் நிற்கும் தன் தாயார் சொல்வதைப் பேச்சு வழக்கு என்று அடித்துவிட்டு, எழுத்தைப் பார்த்துத் தாமாக ஓர் ஒலியைச் செய்து அதன்மேல் வைத்திருக்கிறார். ஏ-யும் யு-வும் சேர்ந்தால் ஔகாரம்தானே என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குக் கணக்கு உண்டு என்று நம்பியதுதான் பிழை.

அந்த மாணவியை நாம் கடிந்துகொள்ளவில்லை. காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல். தண்டியலங்காரம் பற்றிக் கேட்டார்கள், சொன்னோம். ஒப்பிலக்கியமும் படித்திருப்பதாகக் காட்டிக்கொள்ளும் ஆசையில், உயர்வு நவிற்சி அணியை ஆங்கிலத்தில் ‘ஹைப்பர்போல்’ என்பார்கள் என்றோம். குழுவிலிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார். பிறகு முதலாமவர் புன்னகையோடு, “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார். இன்னொரு முறையும் சொன்னோம். ‘ஹைப்பர்பலி’ என்று நான்கு அசையாக ஒலிக்க வேண்டும் என்பது, வெளியே வந்து காத்திருந்த ஆங்கிலத் துறை நண்பர் ஒருவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அச்சொல்லின் வரையறை நமக்குத் தலைகீழ்ப் பாடம். மில்டனிலிருந்துகூட எடுத்துக்காட்டு வைத்திருந்தோம். ஆனால் அதுவரை அச்சொல்லை ஒரு மனித வாய் சொல்லி நாம் கேட்டதில்லை.

அதன்பின் சில ஆண்டுகள் தனித்தமிழ்ப் பற்றாளராகத் திரிந்தோம். ‘பஸ்’ என்றவர்களைத் திருத்தினோம். அந்தப் பற்றில் பாதி பற்றாகவும் பாதி அச்சமாகவும் இருந்தது என்பதை இப்போது எழுதுவதில் நமக்குத் தயக்கமில்லை. ஆங்கிலச் சொல் வாயில் வராமல் பார்த்துக்கொண்டால் தவறாக ஒலிக்க வேண்டிய தேவையும் வராதல்லவா.

தமிழ்வழியில் படித்து நூல்களின் வாயிலாக ஆங்கிலம் கற்ற பலருக்கும் இந்த நிலை பழக்கமானதே. சொல் கண்வழி வந்து சேரும். பொருள் தெரியும், வாக்கியத்தில் பொருத்தத் தெரியும். ஒலி மட்டும் நாமே செய்துகொண்டது. மனத்துக்குள் வாசிக்கும் வரையில் ஒரு தொல்லையும் இல்லை. வாய் திறந்தால்தான் வழக்கு.

சத்திரப்பட்டி மாணவி கடைசியில் எழுந்து வாசித்தார். மிகத் தாழ்ந்த குரல்தான். ‘காஸ்’ என்றார். அடுத்து ‘செல்வேஜ்’, துணியின் ஓரம் பிரியாமல் இருக்க நெய்யும் கரை. அதையும் தாயார் சொல்லும்படியே சொன்னார். அதுவும் சரியாக இருந்தது. தன் ஓரம், அதாவது ‘செல்ஃப்’, ‘எட்ஜ்’ என்ற இரண்டும் கூடிப் பிறந்த சொல் அது என்று அகராதியில் கண்டதையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்து எழுந்தவர் இராசபாளையத்து மாணவர். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. குறிப்பேட்டைப் பாராமலே சத்தமாகச் சொன்னார்: “ஸ்லைவர். எஸ், எல், ஐ, வி, ஈ, ஆர்.”

நம் வாய் தானாகத் திறந்தது. ‘ஸ்லிவர்’ என்று திருத்துவதற்குத்தான். சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர், “ரெண்டு உச்சரிப்பு இருக்கு ஐயா” என்று தொடர்ந்தார். “மெல்லிய சீவல், சிராய்னு பொருள் வந்தா ஸ்லிவர். மில்லுல கார்டிங் மிஷின்ல இருந்து வர்ற பஞ்சுன்னா ஸ்லைவர். அகராதியிலேயே தனித்தனியாப் போட்டிருக்கு.”

வகுப்பை எப்படி முடித்தோம் என்பது நினைவில்லை. மணி அடித்ததும் நேரே நூலகத்திற்குச் சென்றோம். காலின்ஸ் அகராதியை எடுத்தோம். பிறகு மெரியம்-வெப்ஸ்டர். மாணவர் சொன்னது சரி. பிளத்தல் என்னும் பொருளுடைய பழைய வினைச்சொல்லின் வழிவந்தது, பொதுவாக ‘ஸ்லிவர்’, நூற்புத் தொழிலில், முறுக்கேறாத பஞ்சுத் திரியைக் குறிக்கும்போது ‘ஸ்லைவர்’. தமிழிலும் இப்படி உண்டு. ‘பாவம்’ என்று எழுதிவிட்டுத் தீவினைக்கு ஒருவிதமாகவும் மெய்ப்பாட்டுக்கு வேறுவிதமாகவும் ஒலிக்கிறோம். ‘கணம்’ நொடியைக் குறித்தால் ஓர் ஒலி, கூட்டத்தைக் குறித்தால் மற்றோர் ஒலி. ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லித் தருகிற செய்திதான்.

நாற்காலியில் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

1996ஆம் ஆண்டு. நாம் மேல்நிலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்தோம். தந்தையார் நூற்பாலையில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தார். அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். புளோ ரூமில் அடித்துத் தூசி நீக்கிய பஞ்சு கார்டிங் எந்திரத்திற்கு வரும். கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் அதைச் சீவி, இழை இழையாகப் பிரித்துச் சிலந்தி வலைபோல் மெல்லிய படலமாக்கும். அப்படலம் ஒரு சிறு துளை வழியே குவிந்து, விரல் பருமனில் வெண்ணிறக் கயிறாக இறங்கி, உயரமான கேனுக்குள் வளையம் வளையமாகப் படியும். கயிறு என்றால் முறுக்கு இராது. இரு கைகளால் பிடித்து மெல்ல இழுத்தால் ஓசையின்றிப் பிரிந்துவிடும். இந்தக் கயிறுதான் ஸ்லைவர். பல ஸ்லைவர்களை டிராயிங்கில் ஒன்றாக்கி நீட்டி, சிம்ப்ளக்ஸில் சற்றே முறுக்கி, ரிங் பிரேமில் நூலாக்குவார்கள்.

அவ்வாண்டு ஆங்கில வகுப்பில், நிலவின் சிறு கீற்றைக் குறிக்க அச்சொல் வந்தது. ஆசிரியர் ‘ஸ்லிவர்’ என்று சொல்லித் தந்தார். புதிய சொல் கற்ற பெருமிதம் நமக்கு. அந்த வார விடுப்பு நாளில் தாய்மாமனும் தந்தையாரோடு வேலை பார்த்த ஒருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரவு ஷிப்டில் எந்திரம் எப்படி மக்கர் செய்தது என்று தந்தையார் விவரித்துக்கொண்டிருந்தார். “ஸ்லைவர் அந்துக்கிட்டே இருக்கு, நானும் ஒட்டிக்கிட்டே இருக்கேன்” என்றார். நாம் உள்ளே இருந்து குரல் கொடுத்தோம்: “அது ஸ்லைவர் இல்லப்பா. ஸ்லிவர்.”

உடன் வேலை பார்த்தவர் சிரித்தார். “பாத்தியா, படிக்கிற பிள்ள சொல்லுது.” மாமன் சிரித்தார். தந்தையாரும் சிரித்தார். “சரிய்யா, ஸ்லிவர்” என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதன்பின் நம் முன்னிலையில் தந்தையார் மில்லைப் பற்றிப் பேசுவது குறைந்தது. பேச நேர்ந்தாலும் அச்சொல் வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, “அந்தப் பஞ்சு வரும்ல” என்பார். வேறு ஆங்கிலச் சொற்களும் மெல்ல மெல்ல மறைந்தன. நாம் அதைக் கவனித்தோம். தமிழில் பேசுகிறார் என்று மகிழ்ந்ததும் உண்டு, மேலே சொன்ன தனித்தமிழ்க் காலத்தில்.

அவருக்கு அந்த ஒலி எங்கிருந்து வந்தது? தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அச்சொல்லை எழுத்தில் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. மேஸ்திரி சொல்லக் கேட்டிருப்பார். (மேஸ்திரியே போர்ச்சுக்கீசியத்திலிருந்து நமக்கு வந்து, நம்மிடமிருந்து ஹாப்சன்-ஜாப்சனுக்குள் போனவர்தாம்.) அவருக்கு முந்தைய மேஸ்திரி சொல்லியிருப்பார். இராசபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கியது 1936இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் பாபநாசம், தூத்துக்குடி, மதுரை என்று வரிசையாக ஆலைகள் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1908இல் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தம் அவர்களுடைய தூத்துக்குடிக் கோரல் மில்லில்தான். எந்திரங்கள் லங்காஷயரிலிருந்து வந்தன. அவற்றைப் பொருத்திக் காட்ட ஆட்களும் வந்தார்கள். அவர்களுள் யாரோ ஒருவர், பேரிரைச்சலுக்கிடையே ஒரு தமிழ்த் தொழிலாளியின் காதருகே குனிந்து அச்சொல்லைக் கத்தியிருக்க வேண்டும். அங்கிருந்து வாய்க்கு வாய் வந்து நம் வீட்டுத் திண்ணையில் இறங்கியது என்பது நம் ஊகம். நூலறிவு பெற்ற ஒருவர்கூட இடையில் புகாததால் அது கெடாமல் வந்தது. புகுந்த முதல் ஆள் நாம்.

காதுவழி வந்ததெல்லாம் பிழையற்றது என்று வாதிட வரவில்லை. தந்தையாருக்கு எஃப் ஒலி வராது. பிரேம் என்பதற்கும் பில்டர் என்பதற்கும் ஒரே பகரம்தான். ஆயினும் மில் சொற்களை ஒவ்வொன்றாக அகராதியில் தேடத் தொடங்கியபின் வியப்பே மிஞ்சியது. ‘டாஃப்’ என்ற சொல்லைப் பாருங்கள். நூல் நிறைந்த பாபின்களைக் கதிரிலிருந்து உருவிவிட்டு வெறும் பாபின்களைச் செருகுவதை ‘டாஃபிங்’ என்கிறார்கள். தந்தையார் வாயில் டாப்பிங். களை, கழற்று என்பது பொருள். ‘டூ’, ‘ஆஃப்’ இரண்டும் ஒட்டிப் பிறந்தது. பெயரைக் களைந்துவிடு என்று ஜூலியட் ரோமியோவிடம் வேண்டுமிடத்தில் ஷேக்ஸ்பியர் ஆளும் சொல். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில், இது வழக்கிழந்த சொல், நாட்டுப்புறத்தாரைத் தவிர எவரும் வழங்குவதில்லை என்ற கருத்துப்பட எழுதிவைத்தார். அவர் அடக்கம் செய்த சொல் இராசபாளையத்தில் மூன்று ஷிப்டிலும் உயிரோடு இருக்கிறது. நாட்டுப்புறத்தார் என்பது மட்டும் பொருந்துகிறது.

‘லீ’ என்பது இன்னொன்று. எல், ஈ, ஏ. ஆங்கில இலக்கியம் பயின்றவர்க்கு அது புல்வெளி. தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட புகழ்பெற்ற கல்லறை இரங்கற்பாவின் முதற்செய்யுளிலேயே வருகிறது. அதை எப்படி ஒலிப்பது என்பதற்கு அகராதிகூட வேண்டியதில்லை. ‘மீ’ என்ற சொல்லோடு அதை இயைபாக வைத்திருக்கிறார். இயைபுத் தொடை படித்தவர் எவரும் கண்டுகொள்ளலாம். ஆனால் நூற்பாலையில் லீ என்பது 120 கஜ நூல். ஏழு லீ ஒரு ஹேங்க், அதாவது 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை ஹேங்க் நிற்கிறதோ அது நூலின் கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். தந்தையார் இக்கணக்கை மனத்திலேயே போடுவார். நாமோ ஒப்பிலக்கியத் தாளில் கிரேயின் புல்வெளியைப் பற்றி நான்கு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஒரே வீட்டில் ஒரே சொல் இரண்டு அறைகளில் இருந்திருக்கிறது. நடுவில் கதவைச் சாத்தியது யார் என்பதுதான் சொன்னோமே.

இவ்வூரிலேயே இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் சிறுவர் சிறுமியர் திருப்பாவை பாடிச் செல்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘ஆனைச்சாத்தன்’ என்று ஒரு பறவையின் பெயர் அதில் வரும். வலியன் என்று உரைகாரர் சொல்வார்கள். இப்பெயரால் அப்பறவையை இன்று யாரும் அழைப்பதில்லை. பாடுகிற குழந்தைக்கு யானைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது தெரியாது. ஆனால் அச்சொல்லின் ஒலியில் ஒரு மாத்திரை குறையாது. அரையர் சேவையும் தலைமுறை தலைமுறையாகக் காதுவழி வந்ததே. பொருள் பிறகு வரட்டும் என்று ஒலியை முதலில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதை மரபு என்று போற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறோம். அதே வகையில் மில்லிலிருந்து வந்ததைத் திருத்தியும் இருக்கிறோம்.

அன்று மாலை வீடு திரும்பும்போது பேருந்தில் உட்கார இடமில்லை. தந்தையாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கம்பியைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டே வந்தோம். முப்பது ஆண்டு நெருங்கும் செய்தி. அவருக்கு நினைவிருக்குமா என்பதே ஐயம். இருந்தாலும், நினைவூட்டுவது நன்றா என்பது அதைவிடப் பெரிய ஐயம். அவருக்கு இப்போது காதும் சரியாகக் கேட்பதில்லை. எந்திர இரைச்சலில் கழிந்த ஆண்டுகள் கொண்டுபோனது. இதைச் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அருகே அமர்ந்து, ஒரு மாணவன் இன்று சொன்னான் என்று தொடங்கி, அகராதியில் பார்த்தது வரை சொல்லி முடித்தோம். “நீங்க சொன்னதுதான் சரிப்பா. ஸ்லைவர்தான்.”

சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா. எங்க மேஸ்திரி அப்படித்தான சொல்வாரு” என்றார். பிறகு, “நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

மன்னிப்பு என்ற சொல் நம் வீட்டில் வழக்கத்தில் இல்லாதது. அதற்கு ஈடாக என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தோம். அவரே கேட்டார்: “அப்ப நீ சொன்னது? அந்த ஸ்லிவரு? அதுக்கு என்ன அர்த்தம்?”

“சிராய்ப்பா. மரச்சிராய்.”

“ரெண்டுக்கும் ஒரே எழுத்தா?”

“ஒரே எழுத்துதான்.”

“பொறவு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“இடத்தப் பாத்துத்தான்.”

தலையாட்டினார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை நாம் பேருந்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்தப் பையனோட அப்பா எந்த மில்லு?”

“கேக்கலப்பா.”

“கேளு. ஸ்லைவர்ங்கிறானே, கார்டிங்கா டிராயிங்கான்னு கேளு.”